அர்த்தம் எப்படிக் கைமாறுகிறது? ஞாயிற்றுக்கிழமையில் நீங்களே சோதித்துப் பார்க்கும் முறை

குன்னூரில் 31 வருடமாக வாட்ச் ரிப்பேர் செய்கிறேன். கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மார்க்கெட்டுக்கு இறங்கும் படிக்கட்டை ஒட்டி ஒரு பொந்து. அதற்குள் ஒரு மேஜை, ஒரு விளக்கு, கண்ணில் மாட்டும் லென்ஸ், நான். எதையும் கழற்றிப் பார்க்காமல் நம்புவதில்லை என்பது தொழில் கொடுத்த குணம். அதனால்தான் போன ஐப்பசியில், மழைக்கு ஒதுங்கி நூலகத்தில் உட்கார்ந்திருந்தபோது நடந்த ஒரு சண்டை என் தலையில் வந்து விழுந்தது.

சண்டை, ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவருக்கும் கோவையில் இன்ஜினியரிங் படிக்கும் ஒரு பையனுக்கும். பையனின் கட்சி இது: கதை, பாட்டு, பழக்கவழக்கம் எல்லாம் ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்கு நகலாகிப் போகிற சரக்கு. எது நன்றாக நகலாகிறதோ அது நிலைக்கும், மற்றது அழியும். ஆக, பண்பாடு ஒரு எந்திரம், அவ்வளவுதான். ஆசிரியரின் கட்சி: எழுத்தை நகலெடுக்கலாம், அர்த்தத்தை எந்த எந்திரத்தாலும் நகலெடுக்கவும் முடியாது, கணிக்கவும் முடியாது. கடைசியில் இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். "நீங்கதானே மெக்கானிக், நீங்க சொல்லுங்க."

கழற்றிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அதற்கப்புறம் ஐந்தாறு ஞாயிற்றுக்கிழமை இதிலேயே போனது. செலவு, டீயும் வர்க்கியும் மட்டும்தான். நீங்களும் உங்கள் ஊரில் செய்து பார்க்கலாம்.

பையன் சொன்னது அவனுடைய சொந்தச் சரக்கில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1976இல் ரிச்சர்ட் டாக்கின்ஸ் என்ற உயிரியலாளர், ஜீன் மாதிரி பண்பாட்டிலும் நகலாகும் ஓர் அலகு இருக்கிறது என்று சொல்லி அதற்கு 'மீம்' என்று பெயர் வைத்தார். அந்தச் சொல்லுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். இன்றைக்கு மீம் என்றால் நம் ஊரில் வடிவேலு முகமும் இரண்டு வரி கிண்டலும். சொல் ஒரு எழுத்து மாறாமல் வந்து சேர்ந்துவிட்டது, அர்த்தம் மட்டும் வழியிலேயே வேறு பஸ் ஏறிவிட்டது. ஆசிரியர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

தேவையானவை

ஏழு பேர். குறைந்தால் ஐந்து, அதற்குக் கீழே வேண்டாம். ஒரே வீட்டு ஆட்களாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வரிசையில் ஒரு எஸ்டேட் அக்கா (இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம்), படுகர் பெரியவர் ஒருவர், பேக்கரிக்காரச் சேட்டன், ஒரு டீச்சரம்மா, பஸ் கண்டக்டர் ஒருவர், பிறகு இந்த இரண்டு சண்டைக்காரர்கள். ஒலிப்பதிவு செய்ய ஒரு போன், வெள்ளைத்தாள், பென்சில். கதவு சாத்துகிற ஒரு அறை. இந்தக் கடைசிச் சாமான்தான் முக்கியம். முதல் வாரம் நாங்கள் உட்கார்ந்த அறையின் கதவு ஈரத்தில் உப்பிப்போய் முழுதாகச் சாத்தவில்லை. வெளியே காத்திருந்தவர்களுக்குக் கதை பாதி கேட்டுவிட்டது. அன்றைய பதிவு முழுவதையும் அழித்தேன்.

முதல் சோதனை: வாயிலிருந்து வாய்க்கு

எல்லோருக்கும் தெரிந்த கதையை எடுக்காதீர்கள். புராணமும் வேண்டாம், சினிமாவும் வேண்டாம். நீங்களே பத்துப் பன்னிரண்டு வரியில் ஒன்று எழுதுங்கள். பாதி விஷயம் உள்ளூர்க்காரருக்குப் பழக்கமானதாகவும், மூன்று நான்கு விஷயம் காரணமே இல்லாததாகவும் இருக்கட்டும். நான் எழுதியது இது (ஹட்டி என்றால் படுகர் ஊர்):

"கேத்திப் பக்கம் ஒரு ஹட்டியில் இருந்தவர் விடிவதற்கு முன்னால் 2 மூட்டை கேரட்டோடு கிளம்பினார். பனி இறங்கியிருந்தது. மூன்றாவது வளைவில் ஒரு காட்டெருமை நின்றது. அவர் குல்லாயைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டார். காட்டெருமை நகரவில்லை. ஒரு கேரட்டை எடுத்து ஒரு கல்லுக்கு அடியில் வைத்தார். பிறகு வந்த வழியே திரும்பிவிட்டார். அன்று மார்க்கெட்டுக்குப் போகவில்லை. வீட்டில் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மாலையில் அவர் மனைவி விளக்கை இரண்டு முறை கழுவினாள். மறுநாள் போய்ப் பார்த்தபோது கேரட் கல்லுக்கு அடியிலேயே இருந்தது. அவர் அழுதார்."

இதை 15 துண்டாக உடைத்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன்: கேத்தி, விடிவதற்கு முன், 2 மூட்டை, பனி, மூன்றாவது வளைவு என்று வரிசையாக. முதல் ஆளுக்குக் கதையை இரண்டு தடவை வாசித்துக் காட்டுங்கள். பத்து நிமிஷம் வேறு பேச்சுப் பேசுங்கள். அப்புறம் அவர் இரண்டாவது ஆளைக் கூப்பிட்டு, நினைவிலிருந்து ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும். இரண்டாவது ஆள் மூன்றாவது ஆளுக்கு. இப்படியே போகும். நீங்கள் ஒவ்வொன்றையும் பதிவு செய்துகொண்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். திருத்தக் கூடாது, சிரிக்கக் கூடாது. சிரிப்பை அடக்குவதுதான் கஷ்டம். நாலாவது ஆள் சொல்லும்போது நான் இருமுகிற மாதிரி எழுந்து போய்விட்டேன்.

எங்கள் ஏழாவது ஆள் சொன்னது: "ஒரு விவசாயி கேரட் மூட்டையோட மார்க்கெட்டுக்குப் போறார். வழியில யானை நிக்குது. பயந்துபோய் ஒரு கேரட்டைப் போட்டுட்டு சாமியைக் கும்பிடுறார். யானை வழி விட்டுருச்சு. வீட்டுக்கு வந்து சம்சாரத்துகிட்ட சொல்றார். அந்தம்மா விளக்கேத்திக் கும்பிட்டாங்க."

இப்போது கணக்கு. தாளில் மூன்று பத்தி போடுங்கள்: போனது, மாறியது, வந்தது. வெறும் விளையாட்டு மாதிரி எத்தனை போயிற்று என்று மட்டும் எண்ணிவிட்டு எழுந்துவிடாதீர்கள். விஷயம் 'வந்தது' பத்தியில்தான் இருக்கிறது. என் கதையில் யானை இல்லை. சாமி இல்லை. வழி விடவும் இல்லை. யாரிடமும் சொல்லாத மனிதர் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டார். பதிவுகளை ஓட்டிப் பார்த்தால் விளக்கு எப்படி மாறியது என்று படிப்படியாகத் தெரிகிறது. இரண்டாவது ஆளிடம் 'இரண்டு முறை' உதிர்ந்தது. மூன்றாவது ஆளிடம் "கழுவி ஏத்தினாங்க" ஆனது. ஐந்தாவது ஆளிடம் கழுவுவதே போய்விட்டது, கும்பிடுவது வந்துவிட்டது. ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. கழுவின விளக்கை ஏற்றத்தானே வேண்டும், ஏற்றின விளக்கைக் கும்பிடத்தானே வேண்டும்!

ஒரு வரிசையை வைத்து எதுவும் சொல்லாதீர்கள். வேறு ஏழு பேரை வைத்து மறுபடி செய்யுங்கள். நாங்கள் மூன்று வரிசை ஓட்டினோம். இரண்டில் காட்டெருமை யானையானது. மூன்றிலும் குல்லாய் காணாமல் போனது. மூன்றிலும் அழுகை போய், சுபமாக முடிந்தது.

இதில் என் தொழில் எனக்குக் கை கொடுத்தது. ஒரு வாட்ச் ஒரு நாள் வேகமாகவும் ஒரு நாள் மெதுவாகவும் ஓடினால் காரணம் கண்டுபிடிப்பது நாய் படாத பாடு. எப்போதுமே வேகமாக ஓடினால் சந்தோஷப்படுவேன். காந்தம் ஏறி, ஹேர் ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருள் கம்பியின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், ஸ்பிரிங் நீளம் குறைந்த மாதிரி நடந்துகொள்ளும், வாட்ச் முந்தும். காந்தத்தை எடுத்தால் சரியாகிவிடும். பிழை ஒரே திசையில் சாய்ந்தால் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் கதையின் பிழைகளும் சாய்ந்துதான் இருந்தன: தெரியாததிலிருந்து தெரிந்ததற்கு, காரணமில்லாததிலிருந்து காரணமுள்ளதற்கு.

இந்தச் சோதனை நான் கண்டுபிடித்ததில்லை. கேம்பிரிட்ஜில் இருந்த ஃபிரெடரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர் 1932இல் இதை எழுதினார். வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் கதை ஒன்றை இங்கிலாந்துக்காரர்களிடம் கொடுத்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். சீல் வேட்டைக்குப் போனவர்கள் மீன் பிடிக்கப் போனவர்களாக மாறினார்கள், கேனோ என்ற ஒடுக்கமான துடுப்புப் படகு சாதாரணப் படகாயிற்று. படங்களையும் அப்படிக் கைமாற்றிப் பார்த்திருக்கிறார். ஆந்தை படம் ஒன்று வரிசையின் கடைசியில் பூனையாகிவிட்டது. பார்ட்லெட்டுக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். அவர் நம் மலைக்கு வந்தவர்தான். 1901-02இல் இங்கே தோடர்களோடு பழகி எழுதிய பெரிய புத்தகம் 1906இல் வந்தது. நூலகத்தில் இதைச் சொன்னதும் படுகர் பெரியவருக்குச் சோதனை மேல் தனி மரியாதை வந்துவிட்டது. அதற்கப்புறம் ஒரு வாரமும் தவறவில்லை.

இரண்டாவது சோதனை: புள்ளி

முதல் சோதனையோடு நிறுத்தியிருந்தால் பையன் தோற்றான் என்று எழுதியிருப்பேன். கதை நகலாகவில்லையே. ஆனால் எல்லாமே இப்படிக் கரைந்துபோனால் கோலம் எப்படி இத்தனை தலைமுறை வந்தது?

இரண்டு படம் வரையுங்கள். ஒன்று புள்ளி வைக்காமல் கைபோக்கில் ஒரு கொடி, இரண்டு இலை, நுனியில் கோணலாக ஒரு கொக்கி. இன்னொன்று ஐந்துக்கு ஐந்து நேர்புள்ளி வைத்து ஒரு சிக்குக் கோலம். ஒவ்வொருவருக்கும் முந்தின ஆள் போட்டதை மட்டும் 20 விநாடி காட்டி எடுத்துவிடுங்கள், பிறகு வரையச் சொல்லுங்கள்.

கொடி ஏழாவது ஆளிடம் மாங்காயாகப் பழுத்திருந்தது. கோலம் கிட்டத்தட்ட அப்படியே வந்து சேர்ந்தது. இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. எனக்கு இப்போதெல்லாம் கை கொஞ்சம் நடுங்குகிறது. நான் போட்ட கோட்டில் அந்த நடுக்கம் நன்றாகத் தெரிந்தது. அதை ஒருவரும் நகலெடுக்கவில்லை. "வளைவு சீராக வரணும்" என்பது எல்லோருக்கும் தெரியும், நடுக்கம் கோலத்தைச் சேர்ந்தது இல்லை என்பதும் தெரியும். போட்டோஸ்டாட் மெஷினுக்கு இது தெரியாது. அது நடுக்கத்தையும் சேர்த்துத்தான் நகலெடுக்கும்.

அடுத்தது இன்னும் சுவாரஸ்யம். மூன்றாவதாக உட்கார்ந்தவன் நம் இன்ஜினியரிங் பையன். வாழ்க்கையில் கோலம் போட்டதில்லை. ஓர் ஓரத்தில் கோட்டை வளைக்காமல் வெளியே ஓட விட்டுவிட்டான். நாலாவதாக எஸ்டேட் அக்கா. அந்தத் தாளைப் பார்த்ததுமே "இது தப்பு தம்பி, கோடு போய்ச் சேரணும்" என்று சொல்லிவிட்டு, தான் போட்டபோது அந்த ஓரத்தை மற்ற மூன்று ஓரம் மாதிரியே வளைத்து மூடினார். நான் போட்ட மூலக் கோலத்தை அவர் பார்க்கவே இல்லை. ஆனாலும் மூலத்துக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்.

அக்காவுக்கு அந்தச் சரியான வடிவம் எங்கிருந்து வந்தது? பையனிடமிருந்து வரவில்லை, அவனிடம் இருந்தது பிழை. அவருக்குள்ளேயே இருந்த கோல ஞானத்திலிருந்து வந்தது. அதாவது, கைமாறினது கோலம் முழுவதும் அல்ல. ஒரு சாடை மட்டும் கைமாறியது, மிச்சத்தை வாங்கினவர் தன் வீட்டுச் சாமானைப் போட்டுக் கட்டிக்கொண்டார். டான் ஸ்பெர்பர் என்ற பிரெஞ்சு மானுடவியலாளர் டாக்கின்ஸ் கட்சிக்கு எதிராகச் சொல்வது கிட்டத்தட்ட இதைத்தான். பண்பாடு நிலைப்பது நகல் துல்லியமாக இருப்பதால் என்பதைவிட, தனித்தனியாகக் கட்டுகிறவர்கள் ஒரே பக்கம் இழுபடுவதால்தான் என்கிறார் அவர். கவனியுங்கள், இதுவும் எந்திர விளக்கம்தான். ஜெராக்ஸ் எந்திரம் இல்லை, ரிப்பேர் எந்திரம். எனக்கு இது பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

புள்ளியின் வேலையை இன்னும் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் தோடப் பெண்கள் பூத்தையல் போடுவதைப் பாருங்கள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும் நூல். துணியில் படம் வரைந்துகொள்வதில்லை, இழையை எண்ணி எண்ணித்தான் ஊசி போகிறது. 2013இல் புவிசார் குறியீடு வாங்கின தையல் அது. எண்ணிக்கையில் பிழை விட்டால் கொஞ்ச தூரத்திலேயே வரிசை சேராமல் காட்டிக் கொடுத்துவிடும், பிரித்துவிட்டு மறுபடி போடலாம். கைபோக்கான கோட்டில் பிழை விட்டால் காட்டிக் கொடுக்க ஆள் இல்லை. நம் மலை ரயிலும் இந்த மாதிரிதான். கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும் இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே பல்வைத்த தண்டவாளம் ஓடுகிறது. வழுவழுப்பான இரும்பை மட்டும் நம்பியிருந்தால் 1899இல் குன்னூருக்கு ரயில் வந்திருக்காது. எண்ணிக்கை, புள்ளி, எதுகை, தாளம் எல்லாம் அந்தப் பல்தான். எதுகை மோனையோடு இருக்கிற பழமொழி வார்த்தை மாறாமல் நிற்பதும், அதே கருத்தை உரைநடையில் சொன்னால் ஆளுக்கொரு விதமாகப் போவதும் இதனால்தான். இதை நான் சொன்னதும் ஆசிரியர் முதல் தடவையாக என்னை மரியாதையோடு பார்த்தார்.

மூன்றாவது சோதனை: ஃபார்வர்ட்

இது மிகச் சுலபம், கதவுகூட வேண்டாம். அதே கேரட் கதையை வாட்ஸ்அப்பில் ஒருவருக்கு அனுப்பி, ஏழு பேருக்கு வரிசையாக ஃபார்வர்ட் ஆகச் செய்யுங்கள். கடைசி ஆளிடம் 15 துண்டும் ஒரு புள்ளி குறையாமல் இருக்கும். எந்திரம் நகலெடுப்பது என்றால் இதுதான். இந்த வேலையின் கணக்கை 1948இல் எழுதிக் கொடுத்த கிளாட் ஷானன் என்ற கணித அறிஞர், செய்தியின் பொருள் என்ன என்பது இந்தப் பொறியியல் சிக்கலுக்குச் சம்பந்தமில்லை என்று தொடக்கத்திலேயே ஒதுக்கி வைத்துவிட்டார். நேர்மையான மனிதர்.

அப்புறம் ஒவ்வொருவரிடமும் தனியாக ஒரே கேள்வி கேளுங்கள்: "அவர் ஏன் அழுதார்?"

எங்களுக்குக் கிடைத்த பதில்கள்: எஸ்டேட் அக்கா, "ஒரு நாள் கூலி போச்சே, அழாம என்ன பண்ணுவாரு?" பேக்கரிச் சேட்டன், அவர் வைத்ததைச் சாமி ஏற்றுக்கொள்ளவில்லை. கண்டக்டர், மார்க்கெட்டில் அன்றைக்கு நல்ல விலை போயிருக்கும், தெரிந்துகொண்டு அழுதார். டீச்சரம்மா, பயத்தில் முதல் நாள் அழ முடியவில்லை, அது மறுநாள் வந்தது. படுகர் பெரியவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அந்தம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு. அதான் விளக்கு ரெண்டு தடவை" என்றார்.

கேட்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். நாங்கள் தற்செயலாகச் செய்தோம், அதுதான் இந்தச் சோதனையின் உயிர். யார் என்ன பதில் சொல்வார் என்று ஒருவரை முன்கூட்டியே எழுதித் தரச் சொல்லுங்கள். ஆசிரியர் எழுதித் தந்தார். கேட்ட ஐந்து பேரில் மூன்று பேர் பதிலை ஏறக்குறைய சரியாகச் சொல்லியிருந்தார்.

பையன் பிடித்துக்கொண்டான். "அர்த்தத்தைக் கணிக்க முடியாதுன்னீங்க, நீங்களே கணிச்சிட்டீங்களே சார்!"

"நான் கணக்குப் போடலைப்பா. எனக்கு ஆளைத் தெரியும்."

"ஆளைத் தெரியும்னா என்ன சார்? அவங்க என்ன வேலை, என்ன கஷ்டம், யார்கிட்ட வளர்ந்தாங்க, அதானே? அதுதானே கணக்கு?"

ஆசிரியர் வர்க்கியை டீயில் நனைத்துக்கொண்டே இருந்தார். அது கரைந்து கிளாஸுக்குள் விழுந்துவிட்டது.

நான் அன்றைக்குப் பையன் பக்கம் கொஞ்சம் சாய்ந்தேன். அர்த்தம் ஆகாயத்திலிருந்து விழவில்லை, அதற்கும் காரணம் இருக்கிறது, தேடினால் அகப்படுகிறது. ஆனால் அந்தக் காரணங்கள் கதைக்குள் இல்லை. அக்காவின் கூலிப் புத்தகத்தில் இருக்கின்றன, கண்டக்டரின் தம்பி போடுகிற கேரட் தோட்டத்தில் இருக்கின்றன. என் மேஜையிலும் இதே சங்கதிதான். வாட்ச்சைத் திறந்து மெயின் ஸ்பிரிங்கிலிருந்து பேலன்ஸ் வீல் வரைக்கும் ஒவ்வொரு பல்லும் ஏன் நகர்கிறது என்று சொல்லிவிடுவேன். வாட்ச்சுக்கு மணி தெரியாது. ஆறு மணி என்பது ஒருத்தருக்கு ஃபேக்டரி ஷிஃப்ட், இன்னொருத்தருக்குக் கடைசிப் பஸ். அதை மூடியைத் திறந்து உள்ளே தேடினால் கிடைக்காது. சண்டைக்காரர்கள் இருவரும் மூடிக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தார்கள் என்று எனக்குப் பட்டது. ஒருவர் இருக்கிறது என்றார், மற்றவர் இல்லை என்றார்.

ஆசிரியருக்கு ஒரு பிடி மிச்சம் இருந்தது, அதை அடுத்த வாரம் கொண்டுவந்தார். "சரி, ஏன் இப்படிப் புரிஞ்சுகிட்டாங்கன்னு காரணம் சொல்லிட்டீங்க. எது சரியான புரிதல், எது தப்புன்னு உங்க காரணம் சொல்லுமா?" நல்ல கேள்வி. தப்பாக ஓடுகிற வாட்ச்சும் இயற்பியல் விதிப்படிதான் ஓடுகிறது, ஒரு பல்கூட விதியை மீறவில்லை. 'தப்பு' எந்தச் சக்கரத்திலும் இல்லை. 1905 டிசம்பர் 31 அன்று மெட்ராஸ் நேரத்துக்குச் சரியாக ஓடின ஒரு கடிகாரம், மறுநாள் இந்திய நேரம் நடைமுறைக்கு வந்ததும் கிட்டத்தட்ட 9 நிமிஷம் பிந்திப்போனது. உள்ளே ஒரு திருகுகூட அசையவில்லை. ஏன் பிந்திப்போனது என்பதற்கும் காரணம் உண்டு: அரசாங்கம், ரயில், தந்தி, எல்லோரும் ஒரே நேரம் பார்க்க வேண்டிய தேவை. அதையெல்லாம் எந்திரம் என்று சொல்லலாமா? ஊர் முழுக்கப் பரவிய எந்திரம் என்று நான் சொல்வேன். ஆசிரியர் ஒப்புக்கொள்ளவில்லை. "அக்கா கோலத்தைப் பார்த்து 'தப்பு'ன்னு சொன்னாங்களே, அந்தச் சொல்லை உங்க எந்திரத்துல ஒரு சக்கரமா மாட்டிக் காட்டுங்க, ஒத்துக்கறேன்" என்றார். இன்னும் மாட்டவில்லை. யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

(அவர் ஏன் அழுதார் என்று என்னையும் கேட்டார்கள். கதையை எழுதின எனக்குத் தெரியாது. காரணமில்லாத விஷயம் நாலு வேண்டுமே என்று கடைசியில் சேர்த்த வரி அது. யாரும் நம்பவில்லை.)

நான்காவது: தேவையில்லாத தட்டல்

நாலு ஐந்து வயதுக் குழந்தை கிடைத்தால், பெற்றோரிடம் கேட்டுக்கொண்டு இதைச் செய்யுங்கள். உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு மிட்டாய். குழந்தை பார்க்க, மூடியில் ஸ்பூனால் இரண்டு தட்டுத் தட்டி, டப்பாவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திறங்கள். அடுத்து குழந்தையிடம் கொடுங்கள். அநேகமாகத் தட்டும், சுற்றும், பிறகுதான் திறக்கும். 2005இல் விக்டோரியா ஹார்னர், ஆண்ட்ரூ வைட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இப்படி ஒரு பெட்டியைச் சிம்பன்சிகளுக்கும் குழந்தைகளுக்கும் காட்டினார்கள். பெட்டி உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி இருந்தபோது சிம்பன்சிகள் வீண் வேலையை விட்டுவிட்டு நேரே பரிசை எடுத்தன. குழந்தைகள் வீண் வேலையையும் சேர்த்தே செய்தார்கள். முட்டாள்தனம் என்று தோன்றும். ஆனால் பெரியவர் செய்தால் ஏதோ காரணம் இருக்கும் என்று நம்பிச் செய்கிறவனுக்குத்தான், காரணம் தெரியாத தொழிலும் கைக்கு வரும்.

இதை நான் யாரையும் வைத்துச் சோதிக்க வேண்டியதே இல்லை. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் மேட்டுப்பாளையத்தில் இருந்தார். வேலை முடிந்து மூடி போட்டதும் வாட்ச்சை இடது காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பழைய சாவி வாட்ச் மணிக்கு 18,000 அடி அடிக்கும், அதில் நொண்டல் இருந்தால் காதுக்குத் தெரியும். நானும் இடது காதில்தான் வைத்தேன். ஒரு தடவைகூட வலது காதில் வைத்ததில்லை. இடது காதுக்குத்தான் நுட்பம் பிடிபடும் என்று வாடிக்கையாளர்களிடம் விளக்கம்கூடச் சொல்லியிருக்கிறேன். அவர் இறந்தபோது போயிருந்தேன். பேச்சுவாக்கில் அவர் மகள் சொன்னது: அப்பாவுக்குச் சின்ன வயதிலேயே வலது காது கேட்காமல் போய்விட்டது.

அன்றைக்குத் திரும்பி வரும்போது பர்லியார் தாண்டும் வரை பஸ்ஸில் எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. காரணம் தெரிந்த பிறகும் காதை மாற்றவில்லை. இடது காதில் வைத்தால்தான் எனக்கு வேலை முடிந்த மாதிரி இருக்கிறது.

ஆகவே உங்கள் கடைசிச் சோதனைக்கு ஏழு பேர் தேவையில்லை. உங்கள் வீட்டில், தொழிலில், காரணம் கேட்காமல் செய்கிற ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை உங்களுக்குக் கொடுத்தவர் இருந்தால் அவரிடம் முதலில் கேளுங்கள், நீங்கள் யாருக்குக் கொடுத்தீர்களோ அவரிடம் பிறகு கேளுங்கள். இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேட்காதீர்கள். "இதுக்காகத்தானே?" என்று நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள். மூத்தவர்களிடம் கேட்பதைத் தள்ளிப்போடவும் வேண்டாம். நான் மேலே சொன்ன அதே ரிவர்ஸ் 1912இல், சில தீவுகளில் படகு கட்டுகிற கலையே எப்படி மறைந்துபோனது என்று எழுதியிருக்கிறார். கட்டத் தெரிந்த சிலர் இறந்ததும் கலையும் போய்விட்டது, கடல் சுற்றிலும் அப்படியேதான் இருந்தது.

என் அக்கா மகன் இரண்டு வருடமாகக் கடையில் தொழில் பழகுகிறான். வருவதெல்லாம் அநேகமாக பேட்டரி வாட்ச். டெஸ்டரில் வைத்தால் போதும், காதில் வைக்க வேண்டிய அவசியமே இல்லை. போன வாரம் ஒன்றுக்கு மூடி அமுக்கிவிட்டு, எடுத்து இடது காதில் வைத்தான். மேட்டுப்பாளையத்துக்காரரைப் பற்றி அவனிடம் நான் சொன்னதே இல்லை.

"ஏன்டா இடது காது?" என்று கேட்டேன்.

இதென்ன கேள்வி என்பது போலப் பார்த்தான். "வலது கையில ட்வீசர் இருக்குமே மாமா."